கவுண்டி என்பது மாவட்டம் இல்லை

சில வருடங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் 'நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கவுண்டீஸ்' என்ற அமெரிக்கச் சங்கத்தின் பெயர் வந்தது. யோசிக்காமல் 'தேசிய மாவட்டங்கள் சங்கம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரண்டு பத்தி தள்ளி, அந்தச் சங்கத்தின் சார்பில் கவுண்டி கமிஷனர்கள் வாஷிங்டனில் செனட்டர்களைச் சந்தித்து நிதி கேட்டார்கள் என்று வந்தபோதுதான் இடித்தது. நம்மூர் கலெக்டர்கள் எல்லாம் சங்கம் வைத்து, ரயிலேறி டெல்லிக்குப் போய் எம்.பி.க்களிடம் பணம் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. வார்த்தையை மாற்றினேன்.

அந்த ஒரு வார்த்தையில் சறுக்கினால் மற்ற எல்லாவற்றிலும் சறுக்கல்தான். நம் மாவட்டத்தின் தலைவர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. இன்று இங்கே, நாளை வேறு ஊரில். அமெரிக்கக் கவுண்டியை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு. வீட்டு வரியில் அதற்கென்று ஒரு பங்கு உண்டு. தனி பட்ஜெட் உண்டு. சாலை, சிறை, தேர்தல், பொதுச் சுகாதாரம், சில இடங்களில் ஆஸ்பத்திரி என்று பலதும் அதன் தலையில். இவ்வளவு இருந்தும் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ளாட்சிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. உள்ளாட்சி என்பது மாநிலம் உண்டாக்கியது, மாநிலம் நினைத்தால் கலைக்கலாம் என்று அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் எழுதினார். 1907-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தப் பக்கமே நின்றது. கலைத்தும் இருக்கிறார்கள். கனெடிகட் மாநிலம் 1960-இல் தன் கவுண்டி அரசுகளையெல்லாம் மூடியது. மாசசூசெட்ஸில் மிடில்செக்ஸ் கவுண்டி அரசு 1997-இல் போனது.

வேலை நிறைய, வரி போடும் அதிகாரம் கொஞ்சம், அரசியலமைப்பில் இடமே இல்லை. இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து 1935-இல் தொடங்கிய சங்கம்தான் இது. சுருக்கமாக 'நேக்கோ' என்பார்கள். வாஷிங்டனில் தலைமையகம்.

அடுத்த தவறு, இதை ஏதோ அரசுத் துறை என்று நினைப்பது. பெயரில் 'நேஷனல்' இருப்பதால் வரும் மயக்கம். நேக்கோவால் எந்தக் கவுண்டிக்கும் உத்தரவு போட முடியாது. சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம், சேர்ந்தால் சந்தா. "நேக்கோ அறிவித்தது, இனி கவுண்டிகள் இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று ஒரு செய்தி சொன்னால் அது தப்பு. தலைவராக வருபவர் ஏதாவது ஒரு கவுண்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருப்பார், பதவி ஒரு வருடம். அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பது சம்பளம் வாங்கும் தலைமைச் செயல் அதிகாரியும் ஊழியர்களும்.

எண்ணிக்கையில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். ஒரு இடத்தில் 3,069 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 3,140-க்கும் மேல் என்று இருக்கும். இரண்டும் சரிதான், எண்ணும் பொருள்தான் வேறு. வரைபடத்தில் உள்ள கவுண்டிகளையும் அதற்கு இணையான பகுதிகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை எண்ணுகிறது. நேக்கோ எண்ணுவது இயங்கும் கவுண்டி அரசுகளை. ரோட் ஐலண்டில் வரைபடத்தில் கவுண்டி உண்டு, கவுண்டி அரசு கிடையாது. அப்புறம், 3,069 என்பது நேக்கோ யார் சார்பில் பேசுகிறதோ அந்தக் கவுண்டிகளின் எண்ணிக்கை. அத்தனையும் உறுப்பினர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

பதவிப் பெயர்கள் தனிக் கதை. ஹூஸ்டன் பக்கம் இருக்கும் என் சித்தி மகன், குடியுரிமை வாங்கி முதல் தடவை ஓட்டுப் போட்டபோது வாக்குச்சீட்டில் 'கவுண்டி ஜட்ஜ்' என்று பார்த்திருக்கிறான். "கோர்ட் விவகாரம், நமக்கு என்ன தெரியும்ணு விட்டுட்டேன்ணா" என்றான். அடுத்த புயல் சமயத்தில் டிவியில் தினமும் வந்து எந்தப் பகுதி காலி செய்ய வேண்டும் என்று சொன்னவர் யார் என்றால், அதே கவுண்டி ஜட்ஜ்! டெக்சஸில் அந்தப் பதவிதான் கவுண்டி நிர்வாகத்தின் தலைமை. அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த குழுவுக்குப் பெயர் 'கமிஷனர்ஸ் கோர்ட்'. கோர்ட் என்று பெயர், வேலை பட்ஜெட் போடுவது. லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர் 'பாரிஷ்'. அங்கே பல பாரிஷ்களின் ஆட்சிக் குழுவை 'போலீஸ் ஜூரி' என்பார்கள். போலீசும் இல்லை, ஜூரியும் இல்லை. அலாஸ்காவில் கவுண்டிக்குப் பெயர் 'பரோ'. கலிஃபோர்னியாவில் ஆட்சிக் குழு உறுப்பினருக்குப் பெயர் 'சூப்பர்வைசர்'. இந்த ஆட்கள் எல்லோரும் கூடுவதுதான் நேக்கோ மாநாடு. அங்கே 'ஜட்ஜ் பேசினார்' என்று வந்தால் நீதிபதி என்று மொழிபெயர்க்கும் முன் எந்த மாநிலம் என்று பாருங்கள்.

நகரங்களுக்கு 'நேஷனல் லீக் ஆஃப் சிட்டீஸ்', மேயர்களுக்கு ஒரு அமைப்பு, கவர்னர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. பல விஷயங்களில் சேர்ந்து நிற்பார்கள், ஆனால் ஒன்றின் அறிக்கையை இன்னொன்றின் தலையில் கட்டக் கூடாது.

இது எந்தக் கட்சியின் சங்கம் என்று கேட்பதும் வீண். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியும், 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேர் இருந்த டெக்சஸின் லவிங் கவுண்டியும் 'கவுண்டி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம். அதனால் உள்ளேயே பெருநகரக் கவுண்டிகளுக்கு ஓர் அணி, கிராமப்புறக் கவுண்டிகளுக்கு ஓர் அணி, மேற்கு மாநிலங்களுக்கு ஓர் அணி. துப்பாக்கி, கருக்கலைப்பு என்று பேச ஆரம்பித்தால் மாநாடு சந்தைக்கடையாகிவிடும். அவர்களைச் சேர்த்து வைப்பது வேறு: மேலிருந்து வேலையைச் சுமத்துகிறீர்களே, பணத்தையும் கொடுங்கள். அந்தக் கோரிக்கையில் டெமாக்ரட், ரிபப்ளிகன் பேதம் கிடையாது. சங்கத்தின் நிலைப்பாடுகளும் தலைவர் நினைத்தபடி வருவதில்லை. துறைவாரியாகப் பத்துக் குழுக்கள் விவாதித்து, இயக்குநர் குழுவுக்குப் போய், ஜூலை மாதம் நடக்கும் வருடாந்திர மாநாட்டில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும்.

இப்போது முக்கியமான தவறுக்கு வருகிறேன். 'லாபி', அதாவது சட்டம் போடுபவர்களிடமும் விதி எழுதுபவர்களிடமும் போய்க் கேட்பது, என்றதும் நமக்குத் தோன்றுவது பெட்டி கைமாறும் காட்சி. இல்லையென்றால், நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்த அன்றோடு கதை முடிந்தது என்று நினைப்போம். கொரோனா காலத்தில் நடந்ததைப் பார்த்தால் இரண்டுமே தப்பு என்று புரியும்.

2020 மார்ச்சில் கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டம் வந்தது. மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்குமாக 15,000 கோடி டாலர். ஆனால் 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளுக்குத்தான் மத்திய அரசிடமிருந்து நேரடிப் பணம். அமெரிக்கக் கவுண்டிகளில் ஆகப் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே. அவையெல்லாம் மாநிலம் எப்போது, எவ்வளவு பிரித்துத் தரும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. தொற்று மட்டும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. ஒரு வருடம் கழித்து, 2021 மார்ச்சில் அடுத்த சட்டம் வந்தபோது நிலைமை மாறியிருந்தது: கவுண்டிகளுக்கென்று தனியாக 6,510 கோடி டாலர், மக்கள்தொகைப்படி, சின்னது பெரியது என்று பாராமல், கருவூலத்திலிருந்து நேராக.

இத்தோடு முடிந்ததா? பலர் இங்கே எழுதி நிறுத்திவிடுகிறார்கள். பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற விதிகளைக் கருவூலத் துறை எழுத வேண்டும். தொற்றால் இழந்த வருமானத்தை ஈடுகட்டச் செலவழிக்கலாம், ஆனால் இழப்பு எவ்வளவு என்று ஒரு சூத்திரம் போட்டுக் கணக்குக் காட்டு என்றது முதலில் வந்த விதி. பெரிய கவுண்டியில் அதற்கு ஒரு படையே இருக்கும். சின்னக் கவுண்டியில் கணக்கு, பதிவு, தேர்தல் எல்லாம் ஒரே ஆபீசில் இரண்டு மூன்று பேர் பார்க்கும் வேலை. 2022 ஜனவரியில் இறுதி விதி வந்தபோது அந்தக் கணக்கே வேண்டாம், ஒரு கோடி டாலர் வரை இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வரியின் எடையைப் பாருங்கள். அந்த 6,510 கோடி டாலரை அமெரிக்க மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 200 டாலருக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் 50,000 பேருக்கு உட்பட்ட கவுண்டி எதற்கும் வந்த பணம் முழுவதும் அந்த ஒரு கோடிக்குள் அடங்கிவிடும். சாலை போடு, ஆம்புலன்ஸ் வாங்கு, சம்பளம் கொடு, வழக்கமான அரசுச் செலவு எதுவானாலும் சரி. நேக்கோ விடாமல் கேட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. லாபி வேலையில் பாதி இப்படித்தான்: ஓட்டெடுப்பு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, விதியின் வரைவில் ஒரு வாக்கியத்தை மாற்றக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது.

ஆனால் "நேக்கோ வாங்கிக் கொடுத்தது" என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். நகரங்கள், மேயர்கள், மாநிலங்கள் என்று கேட்டவர்கள் பலர். எந்தச் சங்கமும் தன் அறிக்கையில் வெற்றியைத் தன் கணக்கில்தான் எழுதும். அதை அப்படியே நகலெடுப்பது நம் சோம்பேறித்தனம்.

சட்டம் ஒரு தடவை வந்தால் பணம் என்றைக்கும் வரும் என்று நினைப்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய தவறு. மத்திய அரசு நிலத்துக்குக் கவுண்டி வரி போட முடியாது. நெவாடா மாநிலத்தில் நிலத்தில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசுடையது. அங்கே மலையில் யாராவது தொலைந்துபோனால் தேடப் போவது கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள். இதற்கு ஈடாகப் பணம் தர 1976-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் எவ்வளவு என்பது நாடாளுமன்றம் ஒதுக்குவதைப் பொறுத்தது. அதனால் மேற்குக் கவுண்டிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். சிறை விஷயத்தில் இன்னும் மோசம். கைதானவர் குற்றவாளி என்று தீர்ப்பு வராவிட்டாலும், சிறைக்குள் போனதும், ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிகெய்டின் பணம் பெரும்பாலும் நின்றுவிடும், வைத்தியச் செலவு கவுண்டி தலையில் விழும். மெடிகெய்டை உண்டாக்கிய 1965 சட்டத்தில் உள்ள தடை அது. அதைத் தளர்த்தச் சொல்லி ஷெரிஃப்களின் சங்கத்தோடு சேர்ந்து நேக்கோ பல வருடமாகக் கேட்கிறது.

கடைசியாக, அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. வீட்டு வரி மதிப்பீடு அதிகம், வாசல் ரோட்டில் பள்ளம் என்று நேக்கோவுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயன் இல்லை. வரி மதிப்பீட்டுக்கு உங்கள் கவுண்டியிலேயே மேல்முறையீட்டு வழி இருக்கும், அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. பள்ளத்துக்கு, முதலில் அந்த ரோடு கவுண்டியுடையதா, நகரத்துடையதா, மாநிலத்துடையதா என்று பாருங்கள். என் சித்தி மகன் மூன்று மாதம் கவுண்டியைத் திட்டிக்கொண்டிருந்த ரோடு மாநில அரசுடையது.