இயற்பியல் ப்ராஜெக்ட்: காசிமேட்டு ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கேள்வி

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றதும் பலர் துத்தநாக ஆக்சைடு நானோ துகளுக்குப் போய்விடுகிறார்கள். பொடி தயாரிப்பது சுலபம். ஆனால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கு (எக்ஸ்.ஆர்.டி.) மாதிரியை வெளியே அனுப்பி, காசு கட்டி, காத்திருந்து, கடைசியில் கையில் கிடைப்பது ஒரே ஒரு வரைபடம். அதில் சந்தேகம் வந்தால் திரும்ப அளக்க வழியில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் நீங்களே திரும்ப அளக்கக்கூடியதா என்று பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே லேபிலிருந்து தொடங்குங்கள். நிறமாலைமானி, லீ வட்டு (நீராவியால் சூடாக்கி வெப்பக் கடத்துத்திறனை அளக்கும் கருவி), நகரும் நுண்ணோக்கி என எவை உண்மையிலேயே வேலை செய்கின்றன என்று லேப் உதவியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டைச் சுற்றிப் பாருங்கள், வடசென்னையை எடுத்துக்கொள்வோம். எண்ணூர் கழிமுகத்து நீரின் உப்பளவுக்கு ஏற்ப ஒளிவிலகல் எண் மாறுவதை வெற்றுப் பட்டகத்தில் (நீர் ஊற்றக்கூடிய உள்ளீடற்ற கண்ணாடிப் பட்டகம்) அளக்கலாம். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல்லின் வெப்பக் கடத்துத்திறனை லீ வட்டில் பார்க்கலாம், மெல்லிய வட்டமாக அறுக்கும்போது பொடிந்துபோகாத கல் கிடைத்தால். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி இரைச்சலைப் போனில் அளப்பதற்கு முன், ஒரு நல்ல ஒலிமானியோடு போனை ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் வரும் டெசிபலுக்குப் பொருளில்லை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எங்கும் கிடக்கும் தெர்மாகோல் மீன் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 'ஐஸ் பெட்டியின் வெப்பப் பண்புகள்' என்று எழுதினால் அது தலைப்பு மட்டுமே. 'பெட்டி உறிஞ்சிய நீரின் எடை கூடக்கூட, ஐஸ் உருகும் வேகம் எவ்வளவு கூடுகிறது?' என்பது கேள்வி. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம் என்ற இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

தேடலுக்கு முன் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போடுங்கள். 60×40×40 செ.மீ. பெட்டி, சுவர் 2.5 செ.மீ. தடிப்பு. பரப்பு 1.28 சதுர மீட்டர். உலர்ந்த தெர்மாகோலின் கடத்துத்திறன் சுமார் 0.035 வாட்/மீ.கெ. உள்ளே 0, வெளியே 30 டிகிரி என்றால் உள்ளே வரும் வெப்பம் சுமார் 54 வாட். ஐஸின் உருகல் உள்ளுறை வெப்பம் 334 கி.ஜூல்/கிலோ என்பதால், மணிக்குச் சுமார் 0.6 கிலோ உருகும். வெளிச்சுவரை ஒட்டிய காற்றின் தடையையும் சேர்த்தால் சற்றுக் குறையும். 10 கிராம் துல்லியத்துக்குக் காட்டும் தராசு இதற்குத் தாராளம். இந்தக் கணக்கில் மணிக்கு 2 கிராம் என்று வந்திருந்தால் அங்கேயே கைவிட்டிருக்கலாம்.

இனி மூலங்கள். கூகுள் ஸ்காலரில் 'தெர்மாகோல்' என்று போட்டால் அதிகம் கிடைக்காது; ஜர்னல்களில் அதன் பெயர் எக்ஸ்பாண்டட் பாலிஸ்டைரீன். அதோடு தெர்மல் கண்டக்டிவிட்டி, மாய்ஸ்ச்சர் கன்டென்ட் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் சேருங்கள். கட்டடத் துறைக் கட்டுரைகள் நிறைய வரும். பயப்படாதீர்கள், இயற்பியல் ஒன்றுதான். சிறு படகுகளில் ஐஸ் பயன்படுத்துவது குறித்து ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் அதை வைத்து இரண்டு பக்கமும் நடக்கலாம்: கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் பழையவற்றுக்கும், ஸ்காலரில் 'சைட்டட் பை' புதியவற்றுக்கும் வழி. 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்தினால் காசு கேட்கும் கட்டுரையின் இலவசப் பிரதி சில நேரம் அகப்படும். அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' வழியாக ஜர்னல்களைப் படிக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். மற்றவர்கள் கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டமான என்-லிஸ்ட் கணக்கு உண்டா என்று விசாரிக்கலாம். ஆர்க்கைவ் (arXiv) என்ற முன்பதிப்புத் தளம் இலவசம்தான், ஆனால் அங்குள்ளவை எல்லாம் துறை வல்லுநர்கள் சரிபார்த்தவை அல்ல. பாடநூல் அடிப்படைக்கு எழும்பூர் கன்னிமாரா போதும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகளின் இரண்டாம் அத்தியாயம் பொன்னான இடம். முந்தைய ஆய்வுகள் அங்கே வரிசையாக இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஒப்புமைச் சோதனையில் மாட்டுவீர்கள், யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் போனால் சிக்கல்தான். அதில் குறிப்பிட்ட மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டாம். சுருக்கம், படங்கள், முடிவு, பிறகு செய்முறை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு வரி: என்ன கேட்டார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், எந்த வீச்சில், பிழை எவ்வளவு. பத்துக் கட்டுரை ஆனதும் யாரும் தொடாத வீச்சு எது என்று நோட்டே காட்டும்.

கைடிடம் போவதற்கு முன் ஒரு நாள் வெள்ளோட்டம் பாருங்கள். பெட்டியை லீ வட்டில் அளக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். 100 டிகிரி நீராவியில் தெர்மாகோல் இளகும், ஊறிய மாதிரி காய்ந்தும் போகும். பெட்டியை நன்னீரில் கழுவுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் உருகுநிலை இறங்கிவிடும். அடியில் துளையிட்டு, உருகிய நீரை மக்கில் பிடித்து அரை மணிக்கு ஒரு முறை எடை போடுங்கள். கடையிலிருந்து வந்த ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே இருக்கலாம், எனவே நீர் சீராகச் சொட்டத் தொடங்கும் வரை கணக்கில் எடுக்காதீர்கள். மூடி இடுக்கை டேப்பால் அடையுங்கள். உலர்ந்த பெட்டியில் மூன்று முறை, ஊறிய பெட்டியில் மூன்று முறை. உலர்ந்த பெட்டியின் மூன்று அளவுகளுக்குள் இருக்கும் சிதறல், இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், பெட்டியை இன்னும் நாள் கணக்கில் ஊறவைத்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் சுவர்த் தடிப்பை மாறியாக எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்த கட்டுரைகளில் பாதி அதற்கும் உதவும்.