தீயில் மாடுகள் செத்தால்: அமெரிக்க அரசின் இழப்பீட்டை வாங்குவது எப்படி?

2024 பிப்ரவரி 26 அன்று மூண்ட ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, டெக்சஸின் வடகோடியில் ஹெம்ப்ஹில் போன்ற மேய்ச்சல் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரக்கணக்கில் மாடுகள் மாண்டன. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது கால்நடை இழப்பீட்டுத் திட்டம், எல்.ஐ.பி. என்பார்கள். சராசரி சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்கும். ஆனால் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், எரிந்த நிலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

1. புதைக்கும் முன் எண்ணுங்கள். நாற்றத்துக்குப் பயந்து குழி வெட்டி மூடிவிட்டால் ஆதாரமும் சேர்ந்தே போய்விடும். ஒவ்வொரு உடலையும் தேதியோடு இரண்டு படம் எடுங்கள்: காதுவில்லை எண் தெரிய ஒன்று, பின்னால் வேலியோ தண்ணீர்த் தொட்டியோ தெரிய இன்னொன்று. காதுவில்லை உருகிப்போயிருந்தால் சூட்டுக்குறியைப் படமெடுங்கள். பசு, காளை, கன்று என்று நோட்டில் தனித்தனியாக எழுதி, கன்றுகளுக்கு எடையும் குறியுங்கள். தொகை வகைக்கும் எடைக்கும் தக்கபடி மாறும்.

2. தீக்கு முன் மந்தையில் எத்தனை இருந்தன என்பதையும் காட்ட வேண்டும். வாங்கிய ரசீது, வங்கிக் கடன் தாள், தடுப்பூசிப் பதிவு எல்லாம் உதவும். எதுவுமே இல்லையென்றால், விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவர் சிசிசி-854 படிவத்தில் சான்று தரலாம். சொந்தக்காரரோ உங்களிடம் வேலை பார்ப்பவரோ கூடாது.

3. கவுண்டியில் உள்ள எஃப்.எஸ்.ஏ. (அமெரிக்க வேளாண்துறையின் பண்ணைச் சேவை முகமை) அலுவலகத்தில் சிசிசி-852 படிவம் கொடுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த ஆண்டு மார்ச் 1. அதுவரை தள்ளிப்போடாதீர்கள். வருமானச் சான்றான சிசிசி-941 விடுபட்டாலும் பணம் நின்றுவிடும்.

4. கணக்கு இப்படி: 200 பசுக்களில் 40 செத்தன. வழக்கமான ஆண்டுச் சாவு 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3 கழியும், 37-க்குத்தான் பணம். அலுவலகப் பட்டியலில் உள்ள விலை ஏற்கெனவே 75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதிலிருந்து மறுபடி 75 சதவீதம் போட்டுப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள்.

5. மடியும் குளம்பும் வெந்த மாட்டைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால், சந்தை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் விலையில் விற்ற தொகை போக மீதி கிடைக்கும்.

வேலியும் புல்லும் எல்.ஐ.பி.யில் வராது. வேலிக்கு இ.சி.பி. என்ற தனித் திட்டம் உண்டு. அலுவலகத்தைக் கேட்காமல் புதுக் கம்பி இழுத்தால் உதவி கைவிட்டுப் போகலாம். எரிந்த புல்லுக்குச் சொந்த நிலமானால் இலாப் திட்டம், மத்திய அரசு நிலத்தில் மேய்க்க முடியாமல் போனால் எல்.எஃப்.பி. திட்டம். இரண்டையும் குழப்பித் தவறான விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. நிலம் யாருடையது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.