நோட்டீஸில் போட்ட வள்ளி வராவிட்டால் என்ன செய்வது?

மாசி, பங்குனி வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கிற வள்ளி திருமணம் நாடகம் நடந்துகொண்டேதான் இருக்கும். நாடகத்தன்று சாயங்காலம் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு போன் வரும். "அண்ணே, வள்ளிக்கு உடம்பு முடியலை, வேற ஆளு அனுப்புறோம்." நோட்டீஸில் படம் போட்டு ஒரு மாதமாக டீக்கடைச் சுவரில் ஒட்டி, பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் அந்த முகத்துக்காகவே வரப்போகிற நேரத்தில் இப்படி ஆனால் கமிட்டித் தம்பிகளுக்குக் கை கால் ஓடாது. பல வருஷம் கமிட்டியில் இருந்து இதைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். ஜனம் கோபப்படுவது ஆள் மாறியதற்காக இல்லை, மாறியதைத் தன்னிடம் சொல்லாததற்காக.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் பேசிக் கூட்டி வருவது ஸ்பெஷல் நாடகம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய பாலசபை மாதிரி, ஒரே இடத்தில் தங்கிச் சேர்ந்தே பாடம் படித்த கம்பெனி இல்லை. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி வேறு ஊர், பபூன் என்கிற கோமாளியும் டான்ஸும் இன்னோர் ஊர், ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பேசுகிறோம். ஒத்திகை கிடையாது. சுவாமிகள் எழுதிய பாட்டும் கதையும் எல்லோருக்கும் பாடம் என்பதால், அன்று இரவு முதல் தடவையாக முகம் பார்க்கிற இரண்டு பேர் விடிய விடிய வள்ளியும் முருகனுமாக நிற்க முடிகிறது. அதாவது மாற்று ஆளை ஏற்றுக்கொள்கிற இடம் இந்த நாடகத்திலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

போன் வந்ததும், நடிகர்களைப் பேசிக் கொடுக்கிற ஏஜெண்டிடம் சண்டை போடாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: வருகிறவர் யார், எந்த ஊர், எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவார். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. அதுதான் முக்கியம். ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே கூடப் பாடுகிற பின்பாட்டுக்காரர், ஆர்மோனியத்தை வராத வள்ளியின் சுருதியை மனதில் வைத்து எடுத்துவிட்டால், வந்தவர் முதல் பாட்டிலேயே தொண்டையைப் பிய்த்துக்கொள்வார். உடனே "குரல் சரியில்லப்பா" என்று தீர்ப்பு வந்துவிடும். ஒன்பது மணிக்குள் அவர் வந்துவிட்டால் ஒப்பனைக் கொட்டகையில் ராஜபார்ட்டையும் பின்பாட்டுக்காரரையும் அவரோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். எந்தப் பாட்டு உண்டு, எது கிடையாது, மேடையில் கேள்வி பதிலாக நடக்கிற தர்க்கம் எதைப் பற்றிப் போகும், இது போதும். அந்த நேரம் பார்த்து செல்ஃபி எடுக்கப் போகிறவர்களைத் தயவுசெய்து வெளியே அனுப்பிவிடுங்கள்.

அறிவிப்பை ஜனம் பாய் விரிக்கும்போதே செய்யுங்கள். பத்து மணிக்கு பபூன் மேடை ஏறிய பிறகு சொன்னால் அவர் அதை வைத்து நாலு ஜோக் அடிப்பார், பாவம், வரப்போகிற அம்மா வேஷம் போடும்போதே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கமிட்டியில் வயதான ஒருவர் மைக்கைப் பிடித்து, இன்னாருக்கு உடம்பு சரியில்லை, அவருக்குப் பதிலாக இந்த ஊரிலிருந்து இன்னார் வந்திருக்கிறார், நம் ஊர் விருந்தாளி, என்று சொன்னால் போதும். மன்னிப்பெல்லாம் நீட்டிக் கேட்க வேண்டாம். நிறைய மன்னிப்புக் கேட்டால் ஏதோ மட்டமான சரக்கு வந்திருக்கிறது என்று ஆகிவிடும்.

அப்புறம் கூட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பபூன், டான்ஸ் நடக்கிற நேரத்துச் சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வள்ளி திரைக்குள்ளிருந்து முதல் அடியைப் பாடும்போது முன்வரிசைக் கிழவர்களைப் பாருங்கள், கண்ணை மூடித் தலை லேசாக ஆடினால் நல்லது, பக்கத்து ஆளிடம் குனிந்து பேசினால் பழைய ஆளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணிக்கு எழுந்து போகிறவன் தூக்கத்துக்குப் போகிறான், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நாரதர் வந்து தர்க்கம் தொடங்கியும் டீக்கடைப் பக்கம் கூட்டம் குறையவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். விசிலை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், அது பாராட்டாகவும் இருக்கும், கிண்டலாகவும் இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு வருஷம் வள்ளி மாறி, வந்தவர் பஸ் பிடித்துச் சேரவே பதினொன்றரை ஆகிவிட்டது. சின்ன உருவம், அதிகம் பேசாதவர். ஆலோலம் பாடிக் குருவி ஓட்டும்போதே பின்னால் இருந்த பையன்கள் "நோட்டீஸ்ல இருக்குற அக்கா எங்கே" என்று கத்த, ஒரு வரிசை எழுந்தே போய்விட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு வேடன் வேஷத்தில் ராஜபார்ட் வந்தார். பேசி வைக்காத கேள்வி ஒன்றைப் போட்டார்: "தினைப்புனம் காக்கிறாயே, உனக்குக் கூலி என்ன?" அந்த அம்மா ஒரு நொடி நின்று, "குருவியை விரட்டினால் ஒரு மரக்கால், ஆளை விரட்டினால் இரண்டு மரக்கால், எனக்கு எது லாபம் என்று நீரே சொல்லும்" என்றார். மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வாசித்தார். போர்வையைச் சுருட்டிக்கொண்டு பாதி வழி போன அப்பத்தா ஒருவர் திரும்பி வந்து அதே இடத்தில் பாயை விரித்தார். அவர் பின்னாலேயே இன்னும் பத்துப் பேர்.

அதனால்தான் சொல்கிறேன், தர்க்கம் முடியும்வரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாட்டைப் பாடமாகப் படித்துவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும். அதோடு ராஜபார்ட்டையும் கவனியுங்கள். புதியவர் தடுமாறும்போது அடி எடுத்துக் கொடுக்கிறாரா, மடக்கிக் கைதட்டல் வாங்குகிறாரா? மடக்குகிறவர் என்றால் கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத் திரைக்குள் போய் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டார்கள்.

அன்பளிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். பாட்டின் நடுவில் மாலை, ரூபாய் நோட்டு, மைக்கில் பெயர் வாசிப்பு என்று போனால் பழகிய நடிகை சமாளிப்பார், பழகாத மேடையில் நிற்கிறவருக்கு இழை அறுந்துவிடும். பாட்டு முடிந்ததும் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய குரலையே நினைத்துக்கொண்டு புதுக் குரலைக் கேட்க மறுப்பவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியார் 1945-ல் எடுத்த ஸ்ரீ வள்ளி படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. அவர் பாடியது திருப்தியாக இல்லை என்று பி.ஏ. பெரியநாயகியின் குரலை அந்த முகத்துக்குப் பொருத்தினார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. வள்ளிக்கு மாற்றுக் குரல் இந்தச் சீமைக்குப் புதிது இல்லை.

விடிந்து கல்யாணம் முடிந்ததும் பேசிய பணத்தை முழுசாகக் கொடுங்கள். "மாற்று ஆள்தானே" என்று ஐநூறு, ஆயிரம் குறைக்கிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது, அது அநியாயம். அவர் இரண்டு மடங்கு பயத்தோடு அதே இரவைத்தான் நின்று முடித்திருக்கிறார். இட்லி கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். போகும் வழியில் அவர் போன் நம்பரையும் ஒரு நல்ல போட்டோவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வருஷ நோட்டீஸுக்கு வேண்டியிருக்கும்.