புதிதாகப் பொறுப்பேற்கும் அரசு அதிகாரிக்கு: முதலில் தன்பதிவேட்டைத் திறங்கள்

சென்னையில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்களா? நேர்மையைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டாம். ஒவ்வொரு உதவியாளரின் தன்பதிவேட்டையும், அதாவது தன் மேசைக்கு வரும் மனுக்களை அவர் பதிந்துவைக்கும் ஏட்டை, வாங்கி, எந்த மனு என்றைக்கு வந்தது, எது முதலில் முடிந்தது என்று பாருங்கள். போன மாதம் வந்தது காத்துக் கிடக்க, முந்தாநாள் வந்தது கையெழுத்தாகியிருந்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கத்தத் தேவையில்லை.

நான் பொறுப்பில் இருந்த ஒரு பிரிவில், ஒரு அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு மூன்று மாதம் மேசைக்கு அடியில், நாடாகூட அவிழ்க்கப்படாமல் கிடந்தது. அவர் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார், "அடுத்த வாரம் வாங்கம்மா" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். யாரும் அவரிடம் பணம் கேட்கவில்லைதான், ஆனால் கடைசியாக வந்தபோது முந்தானை முடிச்சில் பணம் கொண்டுவந்திருந்தார். தாமதமே அவரிடம் லஞ்சம் கேட்டிருக்கிறது. அதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் வாய்மொழி உத்தரவு. "இதைக் கொஞ்சம் முடிச்சுக் குடுங்க" என்று மேலிருந்து போன் வரும். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அன்றைக்கே கோப்பில் குறிப்பு எழுதி, எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டு அனுப்புங்கள். முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடர்ந்த வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை வைத்துச் செயல்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவருக்கு 30 நாளில் பதில் தர வேண்டும், சரி, கோப்பில் எழுதாத ஒன்றை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

தீபாவளி ஸ்வீட் பாக்ஸை முதல் வருடமே வாசலில் திருப்பி அனுப்பிவிடுங்கள், அடுத்த வருடம் வராது.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது, உங்களுக்குக் கீழே இருப்பவர் "இது விதிப்படி இல்லை சார், நான் எழுத மாட்டேன்" என்று உங்களிடமே சொல்லும் நாள். முகம் சுளிக்காதீர்கள். மற்ற மேசைகளெல்லாம் அந்த நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் சொல்வது சரியென்றால் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள், அதற்காக அவருக்கு மாற்றல் வந்தால் அவருக்காக நீங்கள் எழுத்தில் பேசுங்கள்.

நிலுவை மனுக்களின் எண்ணையும் வந்த தேதியையும் வாரம் ஒருமுறை கதவில் ஒட்டுங்கள், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.