புதுத் தொகுதியின் தேர்தல் முடிவை எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மக்களவைத் தேர்தல் முடிந்ததும் தொகுதி வரலாறு எழுதப் புதிதாகச் சிலர் கிளம்புவார்கள். சறுக்குகிற இடம் மட்டும் மாறுவதே இல்லை. இன்று இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் ஒரு காலத்தில் அங்கேதான் விழுந்தார்கள். கூட்டல் பிழை, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவர் கவனித்துக்கொள்வார். அவர் கண்ணில் படாத பிழைகள்தான் இங்கே பேச்சு.

எடுத்துக்காட்டுக்கு விருதுநகர். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்த மறுவரையறை 2008-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களும் 234 சட்டமன்ற இடங்களும் எண்ணிக்கையில் மாறவில்லை. எல்லைகள்தான் நகர்ந்தன. சிவகாசி, பெரியகுளம், திருச்செந்தூர், நாகர்கோவில் எல்லாம் மக்களவைத் தொகுதிப் பட்டியலிலிருந்து போயின. விருதுநகர், தேனி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வந்தன. புது எல்லையில் தமிழ்நாட்டின் முதல் வாக்குப்பதிவு 2009 மே 13.

மாவட்டத்தையும் தொகுதியையும் குழப்புவது

"விருதுநகர் மாவட்டம் காங்கிரசுக்கு வாக்களித்தது" என்று தொகுதி முடிவை வைத்து எழுத முடியாது. மாவட்டத்தில் 7 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய நான்குதான் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசியோடு சேர்ந்தவை. திருச்சுழி ராமநாதபுரத்தோடு. மக்களவைத் தொகுதியின் ஆறு இடங்களில் மீதி இரண்டை நிரப்புபவை மதுரை மாவட்டத்துத் திருப்பரங்குன்றமும் திருமங்கலமும். மாவட்டத்தின் கணக்கு வேண்டுமென்றால் மூன்று மக்களவைத் தொகுதிகளின் தாள்களைத் திறந்தாக வேண்டும்.

பெயரை வைத்துப் பழைய முடிவோடு ஒப்பிடுவது

எத்தனை முறை திருத்தினாலும் முளைத்துக்கொண்டே இருக்கும் தவறு இது. 2009-ல் விருதுநகரில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 3,07,187 வாக்குகள் பெற்றார், மதிமுகவின் வைகோ 2,91,423. வித்தியாசம் 15,764. விருதுநகர் வருவதற்கு முன் அங்கே இருந்த சிவகாசி 1998, 1999 தேர்தல்களில் வைகோவையும், 2004-ல் அதே கட்சியின் ரவிச்சந்திரனையும் தேர்ந்தெடுத்த தொகுதி. உடனே "வைகோ தன் பழைய தொகுதியில் தோற்றார், மதிமுகவின் வாக்கு இத்தனை சதவீதம் சரிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது. 2004-ல் எண்ணப்பட்டது ஒரு நிலப்பரப்பின் வாக்கு, 2009-ல் எண்ணப்பட்டது வேறொரு நிலப்பரப்பின் வாக்கு. போதாக்குறைக்கு, 2004-ல் மதிமுக இருந்தது திமுக அணியில், 2009-ல் அதிமுக அணியில். இரண்டையும் கழித்து வரும் எண்ணில் எது எல்லை மாற்றம், எது கூட்டணி மாற்றம், எது மக்களின் மனமாற்றம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். மக்களவைத் தொகுதியை விட்டுவிட்டு, சட்டமன்றத் தொகுதிகளின் பழைய முடிவுகளை எடுத்து ஆறையும் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். சரியாகாது. 2008-ல் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையும் மாறியது, பழைய பெயர்கள் பல அப்படியே தங்கிவிட்டன. அருப்புக்கோட்டையைப் பாருங்கள். 2006-ல் அங்கே வென்ற தங்கம் தென்னரசு 2011-ல் புதிதாக வந்த திருச்சுழியில் நின்றார். 2006-ல் சாத்தூரில் வென்ற கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் 2011-ல் அருப்புக்கோட்டைக்கு வந்தார். எல்லை நகர்ந்ததை வேட்பாளர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள். அட்டவணை போடுகிறவர்கள்தான் கோட்டை விட்டார்கள்.

இதில் மிக மோசமான கண்ணி திருமங்கலம். 2009 ஜனவரியில் அங்கே நடந்த இடைத்தேர்தல் நாடறிந்தது. நான்கே மாதத்தில் மே மாத மக்களவைத் தேர்தல் வந்துவிட்டது. இடைவெளி குறைவு, பெயரும் ஒன்று, ஒப்பிட ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இடைத்தேர்தல் நடந்தது பழைய எல்லையில், மே மாத வாக்குப்பதிவு புது எல்லையில். நடப்புச் சட்டமன்றம் கலையும்வரை அதற்கான இடைத்தேர்தல்கள் பழைய எல்லையில்தான் நடக்கும். சந்தேகம் இருந்தால் இளையான்குடியைப் பாருங்கள். மறுவரையறையில் ஒழிக்கப்பட்ட அந்தத் தொகுதிக்கு 2009 ஆகஸ்டில் இடைத்தேர்தல் நடந்தது!

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது? மறுவரையறை ஆணையின் அட்டவணையில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் தாலுகா, வருவாய்க் கிராமம், பேரூராட்சி, நகராட்சி என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். தொடக்கம் அதுதான். ஒவ்வொரு கிராமமும் முன்பு எந்தத் தொகுதியில் இருந்தது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய மக்களவைத் தேர்தலின் படிவம் 20 வேண்டும். வாக்குச்சாவடி வாரியாக வாக்கு கிடைப்பது அதில்தான். 2006 சட்டமன்ற முடிவை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள், அது வேறு தேர்தல். அடுத்து, ஒவ்வொரு சாவடியையும் அது இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரையும், வாக்காளர் பட்டியலில் அந்தப் பாகம் உள்ளடக்கும் தெருக்களையும் பார்த்துக் கிராமத்தோடு பொருத்த வேண்டும். எண்ணை நம்பாதீர்கள். வாக்காளர் கூடினால் சாவடியைப் பிரிப்பார்கள், அப்போது அதற்குப் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். 2004-ன் 120-ம் எண் சாவடி 2009-ல் வேறு ஊரில் இருக்கலாம். எல்லைக்கோடு ஒரு சாவடியை இரண்டாக வெட்டினால், வாக்காளர் எண்ணிக்கை விகிதத்தில் பிரித்து அந்த வரிக்கு அடையாளம் இடுங்கள். கடைசியில் கிடைப்பது மதிப்பீடுதான். அதை 'முடிவு' என்று தலைப்பிடுவது ஏமாற்று.

இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால் 2009-ஐத் தொடக்கமாக வைத்து எழுதுங்கள், போதும்.

வித்தியாசத்தைச் செல்வாக்கு என்று படிப்பது

2009-ல் 15,764 வாக்கில் தோற்ற வைகோ 2014-ல் 1,45,551 வாக்கில் தோற்றார். 'செல்வாக்கு சரிந்தது' என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். அவர் வாங்கிய வாக்கைப் பாருங்கள்: 2,91,423-லிருந்து 2,61,143. குறைந்தது 30,280தான், அதுவும் 2014-ல் அவர் அதிமுக அணியில் இல்லாமல் பாஜக அணியில் நின்று. அந்த முறை அதிமுக தனித்து நின்று 4,06,694 வாங்கியது, திமுகவும் காங்கிரசும் தனித்தனியே களத்தில் இருந்தன. அதிமுகவுக்கு எதிரான வாக்கு மூன்றாகச் சிதறியதால் இடைவெளி பெருத்தது. 2019-ல் மாணிக்கம் தாகூரின் வித்தியாசமும் கிட்டத்தட்ட அதே அளவு, 1,54,554. ஆனால் வென்றவர் பெற்றது 4,70,883. வாங்கிய வாக்கை எழுதாமல் வித்தியாசத்தை மட்டும் எழுதினால் இந்த இரண்டு வெற்றிகளும் ஒன்றுபோலத் தெரியும்.

தனித்தொகுதி மாற்றத்தைக் கவனிக்காதது

2009-ல் ஆ. ராசா பெரம்பலூரை விட்டு நீலகிரிக்குப் போனதற்கு ஆயிரம் காரணம் எழுதுவார்கள். பெரம்பலூர் பொதுத்தொகுதியாகவும் நீலகிரி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாகவும் மாறியதை முதலில் எழுதுங்கள்.

தபால் ஓட்டை மறப்பது

ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் இயந்திர வாக்கைக் கூட்டினால் வேட்பாளரின் மொத்தம் வராது. தபால் வாக்கு மக்களவைத் தொகுதி அளவில் தனியாக எண்ணப்படுகிறது, எந்தச் சட்டமன்றப் பகுதியிலும் சேராது. வித்தியாசம் லட்சக்கணக்கில் இருந்தால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. 2024-ல் மாணிக்கம் தாகூர் 3,85,256, தேமுதிகவின் விஜய பிரபாகரன் 3,80,877, இடைவெளி 4,379. இப்படி ஒரு முடிவில் அது உடனே பல்லிளிக்கும்.

டெபாசிட்டைக் கண்ணால் அளப்பது

'1,66,271 வாக்கு வாங்கினால் டெபாசிட் நிச்சயம் இருக்கும்' என்று தோன்றும். 2024-ல் மூன்றாவதாக வந்த பாஜகவின் ராதிகா பெற்ற எண் அது. டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும், நோட்டா அந்தக் கணக்கில் வராது. முதல் நான்கு இடத்தாரின் வாக்கை மட்டும் கூட்டினாலே 10,09,435. அதில் ஆறில் ஒன்று 1,68,239. மற்ற வேட்பாளர்களைச் சேர்க்கும் முன்பே கதை முடிந்துவிட்டது.

சுற்று முன்னிலையைப் போக்கு என்று எழுதுவது

சாவடி எண் வரிசையில்தான் இயந்திரங்கள் மேசைக்கு வரும். முதல் சுற்று சொல்வது எந்த ஊர் முதலில் எண்ணப்பட்டது என்பதைத்தான், தொகுதியின் போக்கை அல்ல.

சதவீதம் எதில்?

மொத்த வாக்காளரிலா, பதிவான வாக்கிலா, செல்லத்தக்க வாக்கிலா? அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.