வீட்டுத் தோட்டத்துக்கு வேலி போடும் முறை: எல்லைக்கல், கல்தூண், வலை, பக்கத்துத் தோட்டத்தார்

பத்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்குக் கல்தூண் நட்டு, டைமண்ட் வலை (சாய்சதுரக் கண்ணுள்ள கம்பி வலை) கட்டும் முறையை இங்கே எழுதுகிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் செய்ததை வைத்து எழுதுவதால், மண்ணும் பழக்கமும் வேறான ஊர்க்காரர்கள் சில இடங்களில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். குழி தோண்டுவதும் கலவை போடுவதும் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விளக்கவில்லை.

முதல் வேலை எல்லையை அறிவது. வருவாய்த் துறையின் இணையத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் எல்லைக்கோடுகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம்) கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாமே டேப் பிடித்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கு வேலை நின்றுபோனது அந்த இடத்தில்தான். புலப்படத்தில் அளவு மீட்டரில் இருக்கும், கிரயப் பத்திரத்தில் அடியில் இருக்கும், ஊர்ப் பெரியவர்கள் லிங்க்ஸ் கணக்கில் பேசுவார்கள். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 66 அடிக்கு 66 அடி உள்ள சதுரம் சரியாகப் பத்து சென்ட் என்பதை நினைவில் வைத்தால் மூன்று கணக்குகளையும் ஒப்பிட்டுவிடலாம்.

கணக்கு சரியாக வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிலம் பலர் பெயரில் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக, இன்னும் உட்பிரிவு ஆகாமல் (அவரவர் பங்கு தனியாகப் பிரிக்கப்படாமல்) இருந்தால், நம் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குப் புலப்படத்தில் கோடே இருக்காது. அப்போது எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது நம் கருத்தாக மட்டுமே இருக்கும்; பங்காளிகள் அதை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே முதலில் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, அது முடிந்த பிறகே வேலியைப் பற்றி யோசிக்க வேண்டும். உட்பிரிவு ஏற்கனவே இருந்தால், எல்லையைக் காட்டித் தரக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அரசு நில அளவர் பக்கத்து நிலத்தாருக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்து அளப்பார். தனியார் சர்வேயர் விரைவாக வருவார் என்பது உண்மைதான், ஆனால் தகராறு என்று வந்தால் அவர் போட்ட கோட்டுக்கு மதிப்புக் குறைவு. எல்லைக்கல் சாய்ந்து கிடந்தாலும் அதைத் தொட வேண்டாம். அளவைக் கற்களைச் சேதப்படுத்துவதற்கு 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தில் தண்டனை இருக்கிறது.

இரண்டாவது வேலை, கல் வந்து இறங்குவதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்தாரிடம் போய்ச் சொல்வது. லாரியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர் கோபப்படுவதில் வியப்பில்லை. எங்கள் மேற்குப் பக்கத்துப் பெரியம்மா, "ஏங்கண்ணு, இத்தனை வருசமா இல்லாத வேலி இப்ப எதுக்கு?" என்று கேட்டார். "ரோட்டுல போற ஆடு வெண்டையை மேயுதுங்க பெரியம்மா, உங்க ஆட்டைச் சொல்லலீங்க" என்றேன். அவருடைய ஆடும் மேய்ந்ததுதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதில்லை. வரப்பு போய்விடும் என்று அஞ்சுகிறவருக்கு, அளக்கும்போது எல்லைக்கல் பக்கத்தில் நிற்கச் சொல்வதே போதும். நூல் கட்டியதும் மீண்டும் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டலாம். நடைவழியையும் வாய்க்காலையும் பற்றிக் கவலைப்படுகிறவரிடம் புலப்படத்தை நீட்டிப் பயனில்லை. நீண்ட காலம் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமை உருவாகலாம். 20 ஆண்டு என்பது அங்கே முக்கியமான கணக்கு. அப்படிப்பட்ட வழி இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிறு கேட்டை வைத்துவிடுவதே நல்லது. அதன் செலவு ஒரு வழக்கறிஞரின் முதல் கட்டணத்தைவிடக் குறைவு.

வேலியை எல்லைக்கோட்டின் மேலேயே போடாமல் ஓர் அடி உள்ளே தள்ளிப் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். அந்த ஓர் அடி வீண் என்று வீட்டில் சொல்லக்கூடும். ஆனால் பக்கத்துத் தோட்டத்தாரின் டிராக்டர் திரும்பும்போது நம் தூணில் இடிக்காது, வலைக்கு வெளிப்புறம் களை எடுக்க அவருடைய அனுமதி தேவைப்படாது.

இனித் தூண். சிமெண்ட் தூணைவிடக் கல்தூணே எனக்குப் பிடிக்கும். உள்ளே துருப்பிடிக்கும் கம்பி அதில் இல்லை. நான்குக்கு ஆறு அங்குலத்தில் ஏழடிக் கல் எண்பது கிலோவைத் தாண்டும் என்பதால் தனியாளாகத் தூக்க முயல வேண்டாம். இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. மூலைக்கற்களை முதலில் நட்டு, அவற்றின் உச்சியிலும் அடியிலும் நூல் கட்டி, எட்டடிக்கு ஒரு கல்லாக இடையை நிரப்பலாம். மூலைக்கும் கேட்டுக்கும் மட்டும் கான்கிரீட் போதும். மற்றக் குழிகளில் சிறுகல்லும் ஈரமண்ணும் மாறி மாறிப் போட்டுக் கடப்பாரையின் அடிப்பக்கத்தால் குத்தி இறுக்க வேண்டும். நேராக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டத்தைவிடத் தூக்குக்குண்டை நம்புவேன், ஏனெனில் கல்லின் முகம் மேடுபள்ளமாக இருக்கும். ஒவ்வொரு மூலைக்கல்லுக்கும் வேலி போகும் இரு திசைகளிலும் சாய்வாக முட்டுக்கல் கொடுக்காவிட்டால், வலையை இழுத்துக் கட்டியதும் அது உள்பக்கம் சாய்ந்துவிடும்.

வலை வாங்கும்போது கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலிது என்பதைக் கவனிக்க வேண்டும்: பத்து கேஜ் ஏறத்தாழ 3.25 மி.மீ., பன்னிரண்டு 2.64, பதினான்கு 2.03. ஆட்டுக்கும் நாய்க்கும் பன்னிரண்டு போதுமானது. முள்கம்பி மலிவுதான் என்றாலும் குழந்தைகள் ஓடும் வீட்டுத் தோட்டத்துக்கு அதை நான் வாங்க மாட்டேன். மேலே, நடுவே, கீழே என மூன்று நீளக் கம்பிகளை இழுத்துக் கட்டிய பிறகே வலையை விரிக்க வேண்டும். சுருளின் நீளம் மிஞ்சினால் குறுக்கே வெட்டக் கூடாது. வேண்டிய இடத்தில் உள்ள ஒரே கம்பியின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிளேயரால் நிமிர்த்தி, அந்தக் கம்பியைத் திருகாணி கழற்றுவதுபோல் சுழற்றினால் அது முழுதாக வெளியே வந்து வலை இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டு சுருள்களை இணைப்பதும் இதே கம்பியைத் திருப்பிச் சுழற்றி ஏற்றித்தான்.

பின்சேர்க்கை: கம்பிக்குப் பதில் கிளுவை என்ற வேலிச்செடியை வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மழைக்குச் சற்று முன் போத்துகளை (நடுவதற்காக வெட்டிய கிளைத் துண்டுகளை) ஓரடிக்கு ஒன்றாக நட்டால் செலவே இல்லாமல் வேலி எழும். ஆனால் உயிர்வேலி வளர வளர நிழலும் வேரும் அடுத்த நிலத்துக்குப் போகும், ஆண்டுதோறும் கவாத்து செய்ய வேண்டும். அடுத்த நிலத்துக்காரர் எள்ளோ நிலக்கடலையோ விதைப்பவராக இருந்தால், அவரிடம் கேட்காமல் ஒரு போத்துகூட ஊன்ற வேண்டாம்.