வாசல் நிலைக்குள் ஒரு படம்: செல்போனில் சட்டகம் அமைப்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிக் கோபுரமான கேரளாந்தகன் திருவாயிலுக்குள் நின்று பாருங்கள். சுற்றிலும் நிழல் படிந்த கருங்கல், நடுவே வெயிலில் அடுத்த கோபுரமான இராசராசன் திருவாயில். கண் வேறெங்கும் போகாது. காட்சியைச் சுற்றி இப்படி அமையும் இருண்ட விளிம்புதான் சட்டகம். கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் காலை நேரம்தான் இதற்கு உகந்தது. இதே அமைப்பு உங்கள் வீட்டு வாசலிலும் மாடிப்படித் திருப்பத்திலும் பஸ் ஜன்னலிலும் இருக்கிறது. செல்போனே போதும், கேமரா வாங்க வேண்டாம்.

முதலில், கூடத்தின் இருட்டில் நின்று திறந்த வாசல் வழியாகத் தெருவைப் பாருங்கள். சட்டகம் இருண்டும் உள்ளிருப்பது வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். வெளியே நின்று வீட்டுக்குள் எடுத்தால் பளிச்சென்ற சுவர்தான் கண்ணை இழுக்கும்.

அடுத்து, 0.5 என்ற அகலக் கோண லென்ஸைத் தொடாதீர்கள். ஓரங்களை இழுத்துக் காட்டும். பின்னால் நகர்ந்து ஜூமை 2 மடங்கில் வையுங்கள். தள்ளி நிற்க நிற்க, நிலைக்குள் தெரியும் தெருவின் பரப்பு குறையும். அங்கே கோலம் போடுபவர் சட்டகத்தை நிறைப்பார். போனைச் சாய்க்காமல் பிடித்தால் நிலையின் கோடுகள் செங்குத்தாக நிற்கும்.

இனிதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள். கூடத்தின் இருட்டைப் பார்த்ததும் போன் படம் முழுவதையும் வெளுக்கச் செய்யும். தெரு வெள்ளையாகக் கரைந்துவிடும். ஆகவே வெளியே இருப்பவர் மீது விரலை வைத்து, ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டப்படும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு வெளிச்சத்தைக் குறைக்க, திரையில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். முகத்தின் நிறம் சரியாகும்போது நிலை கறுத்துப்போகும். கறுக்கட்டும், அதுதான் நமக்கு வேண்டும். பல போன்கள் தாமாகவே நிழலான இடங்களை வெளிச்சமாக்கிவிடும். செருப்பு அலமாரியும் சுவிட்ச் பலகையும் இருட்டிலிருந்து வெளியே வந்து நிற்கும். அப்படி வந்தால் ஸ்நாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் நிழல் (Shadows) அளவை இடப்பக்கம் நகர்த்துங்கள். இலவசச் செயலி அது. கட்டண வடிகட்டிகள் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை வேண்டவே வேண்டாம். நிலையின் விளிம்பையே அது மங்கலாக்கிவிடும்.

ஆள் வந்ததும் அழுத்திவிடாதீர்கள். தலைக்கும் மேல்விட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் வெளி தெரியட்டும். நான்கு பக்கமும் அடைபட வேண்டும் என்பதில்லை. ஒரு தூணும் அதன் மேல் ஓர் உத்திரமும் இருந்தாலே சட்டகம்தான்.

பின்சேர்க்கை: ஜன்னல் கம்பி மட்டும் தெளிவாக விழுந்து தெரு மங்குவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கம்பிக்கு மிக அருகில் நிற்பதே காரணம். நன்றாகப் பின்வாங்கித் தெருவின் மீது விரலை வையுங்கள். செல்போனின் சிறிய சென்சாரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெளியும். பின்வாங்க இடமில்லாத பஸ்ஸில் கம்பியை விட்டுவிட்டு, ஜன்னலின் விளிம்பையே சட்டகமாக்குங்கள். கண்ணாடியை மட்டும் முதலில் திறந்துவிடுங்கள்.